திறந்தவெளிச் சுரங்கங்களில் சரிவுக் காப்பு ஆராய்ச்சி

களத்துமேட்டில் நெல்லைக் குவிக்கும்போது, எவ்வளவு கொட்டினாலும் அக்குவியல் ஒரு குறிப்பிட்ட சாய்வுக்கு மேல் செங்குத்தாக நிற்பதில்லை. மேலும் மேலும் கொட்டினால் குவியலின் அடி அகலுமேயன்றிச் சாய்வு மாறாது. மணலுக்கும் சரளைக்கும் இவ்வியல்பு உண்டு. பாறையின் நிலை வேறு. உறுதியான பாறையை நூறடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டி நிறுத்தலாம். அது பல ஆண்டுகள் அசையாது நிற்கவும் கூடும். பின்னர் ஒரு மழைக்கால இரவில் சரிந்து விழவும் கூடும். எவ்வளவு செங்குத்தாக வெட்டலாம், வெட்டியது எப்பொழுது விழும் என்னும் இவ்விரு வினாக்களுக்கு விடை காண முயல்வதே சுரங்கச் சரிவு ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ள பொறியியலாரின் தொழிலாகும்.

இந்தியாவில் எடுக்கப்படும் நிலக்கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்று திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்தே கிடைக்கின்றது. கரிப் படிவத்தை மூடியுள்ள மண்ணையும் பாறையையும் படிப்படியாக வெட்டியகற்றிக் கரியை அடைவதே இம்முறை. இதில் சரிவின் கோணம் செலவையும் உயிரையும் ஒருங்கே தீர்மானிக்கின்றது. 200 மீட்டர் ஆழமுள்ள ஒரு குழியின் பக்கச் சுவர் 45 பாகைச் சாய்வில் அமைந்தால், அதன் மேல் விளிம்பு அடி விளிம்பிலிருந்து 200 மீட்டர் விலகியிருக்கும். சாய்வை 40 பாகையாகத் தளர்த்தினால் இவ்விலக்கம் 238 மீட்டராகும். ஐந்தே பாகை வேறுபாடுதான். எனினும் ஒரு கிலோமீட்டர் நீளச் சுவருக்கு ஏறத்தாழ 38 லட்சம் கன மீட்டர் மண்ணும் பாறையும் கூடுதலாக வெட்டப்பட வேண்டும். அதற்கான செலவு முழுவதும் கரியின் விலைமேல் ஏறும். ஆகவே சுரங்க நிர்வாகம் எப்பொழுதும் செங்குத்தான சுவரையே விரும்பும். அச்சுவரின் அடியில் வேலை செய்வோர் சார்பில் மறுத்துரைக்க வேண்டியவர், கையில் கணக்குடன் நிற்கும் ஆராய்ச்சியாளரே.

அக்கணக்கின் மூலக் கருத்து எளியது. சரிவைக் கீழே இழுக்கும் விசை ஒருபுறம். அதைத் தடுத்து நிறுத்தும் உராய்வும் ஒட்டுந்தன்மையும் மறுபுறம். தடுக்கும் விசையை இழுக்கும் விசையால் வகுக்கக் கிடைப்பது காப்பெண். அது 1-க்குக் கீழே இறங்கினால் சரிவு நில்லாது. மண் அணைகளுக்கு 1.5 அளவில் காப்பெண் வைப்பது வழக்கம். சுரங்கச் சுவர்களுக்கோ 1.2, 1.3 என்ற அளவே பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்படுகின்றது. சுரங்கச் சுவர் காலமெல்லாம் நிற்க வேண்டியதன்று என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். நியாயம் சரியே, ஆனால் பிழைக்கு இடம் மிகக் குறைவு என்பதும் இதனால் விளங்கும்.

காப்பெண்ணைக் கணிக்கப் புறப்படும் ஆய்வாளர் முதலில் கையிலெடுப்பது கணிப்பொறியன்று. திசைகாட்டியும் சாய்வுமானியும் ஒன்றாய் அமைந்த ஒரு சிறு கருவியே. சுரங்கத்தின் படிகளில் நடந்து, பாறையிலுள்ள விரிசல்கள் ஒவ்வொன்றும் எத்திசை நோக்கி எவ்வளவு சாய்ந்துள்ளன என்று அவர் அளக்கின்றார். நூற்றுக்கணக்கில் அளந்த பிறகே அவற்றின் ஒழுங்கு புலனாகும். கையளவுப் பாறைத் துண்டு ஆய்வுக்கூடத்தில் பெரும் பாரத்தைத் தாங்கலாம். அதே பாறையாலான சுவர் தாங்காது போகலாம். ஏனெனில் சுவர் உடைவது பாறையின் ஊடேயன்று, விரிசல்களின் வழியே. சாய்த்துப் பிடித்த சீட்டுக்கட்டில் சீட்டு கிழிவதில்லை, வழுக்குகின்றது. விரிசல் குழியை நோக்கிச் சாய்ந்து, அதன் கீழ் நுனி சுவரின் முகப்பில் வெளிப்படுமாயின், அதன் மேலுள்ள பாறையைத் தாங்குவது உராய்வு ஒன்றே.

விரிசலின் இடையே சில மில்லிமீட்டர் கனமுள்ள களிமண் படிந்திருந்தால் அந்த உராய்வும் குன்றிவிடும். துளையிட்டு எடுக்கப்படும் பாறைத் தண்டில் இக்களிமண் பலமுறை காணப்படாது. துளைக்கருவிக்குச் செலுத்தப்படும் நீர் அதனைக் கழுவிக்கொண்டு போய்விடும். எந்த அடுக்கு சரிவின் விதியைத் தீர்மானிக்கின்றதோ, அதுவே பெட்டிக்கு வந்து சேராத அடுக்காகும். இதனால்தான் தேர்ந்த ஆய்வாளர், கிடைத்த தண்டுகளைப் பார்ப்பதோடு, தண்டு விடுபட்ட இடங்களையும் ஐயத்துடன் பார்க்கின்றார்.

அடுத்தது நீர். விரிசலில் நிரம்பிய நீர் எண்ணெய்போல் பாறையை வழுக்கச் செய்கின்றது என்று பலர் எண்ணுவர். அது முதன்மையான காரணம் அன்று. நீரின் அழுத்தம் மேற்பாறையைச் சற்றே தூக்கிப் பிடிக்கின்றது. பாறைகள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைகின்றது. உராய்வும் அதே அளவில் குறைகின்றது. மண்ணியல் பொறியியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி 1920-களில் இக்கருத்துக்கு உருவளித்தார். ஓர் எடுத்துக்காட்டு: 30 பாகை சாய்ந்த விரிசல் ஒன்றின் மேல் பாறை அமர்ந்திருக்கின்றது, உராய்வுக் கோணம் 35 பாகை, ஒட்டுந்தன்மை இல்லை எனக் கொள்க. உலர்ந்த நிலையில் காப்பெண் 1.21. மழைக்குப் பின் நீரழுத்தம் அவ்வமுக்க விசையில் கால் பங்கைத் தான் ஏற்றுக்கொண்டால் காப்பெண் 0.91. பாறையில் ஒரு மாற்றமும் இல்லை. சுவரும் அதே சுவர்தான். ஆனால் அது இனி நில்லாது. சுவரில் ஏறக்குறைய கிடையாகத் துளைகளிட்டு நீரை வடித்துவிட்டால் இழந்த காப்பெண் திரும்பக் கிடைக்கும். சாய்வைத் தளர்த்துவதைவிட இது பன்மடங்கு மலிவு. (நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நீரின் மேனோக்கிய அழுத்தத்தைக் குறைக்க ஓயாது நீரிறைக்கப்படுவதைத் தமிழ் வாசகர் அறிவர். அங்கு அச்சம் குழியின் தரையைப் பற்றியது. எனினும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே.)

இத்தனையும் செய்த பின்னரும் கணக்கு பிழைபடலாம். ஆகவே வெட்டப்பட்ட சுவர் நாள்தோறும் கண்காணிக்கப்படுகின்றது. பெரும்பாலான சரிவுகள் விழுமுன் அசைகின்றன. முற்காலத்தில் விளிம்பில் தோன்றிய வெடிப்பின் இருமருங்கும் முளையடித்து, இடைவெளியை அளவுகோலால் அளந்தனர். இன்றும் இம்முறை இகழத்தக்கதன்று. பின்னர், சுவரில் பதித்த கண்ணாடிப் பட்டகங்களைத் தொலைவிலிருந்து ஒளிக்கற்றையால் அளக்கும் முறை வந்தது. இப்பொழுது ரேடார் பயன்படுகின்றது. சுவரில் பட்டு மீளும் அலையின் கட்டத்தை முன்னர் மீண்ட அலையின் கட்டத்துடன் ஒப்பிட்டு, மில்லிமீட்டருக்கும் குறைந்த நகர்வை அது காட்டுகின்றது. இரவிலும் வேலை செய்யும்.

அசைவை அளந்தால் மட்டும் போதாது. அது எப்பொழுது வீழ்ச்சியாகும் என்று கூற வேண்டும். ஜப்பானிய ஆராய்ச்சியாளர் புக்குசோனோ 1985-இல் இதற்கு ஒரு எளிய வழியைத் தந்தார். நகர்வின் வேகத்தைத் தலைகீழாக்கி, அதாவது 1-ஐ வேகத்தால் வகுத்து, நாள்தோறும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒரு சுவர் முதல் நாள் 10 மில்லிமீட்டரும், இரண்டாம் நாள் 12.5 மில்லிமீட்டரும், மூன்றாம் நாள் ஏறத்தாழ 17 மில்லிமீட்டரும், நான்காம் நாள் 25 மில்லிமீட்டரும் நகர்வதாகக் கொள்வோம். தலைகீழ் எண்கள் 0.10, 0.08, 0.06, 0.04 என்று இறங்கும். அக்கோட்டை நீட்டினால் ஆறாம் நாளில் அது பூச்சியத்தைத் தொடும். அந்நாளே ஐயத்துக்குரிய நாள். நான்கு நாள் அளவைக் கொண்டு இரண்டு நாள் முன்னறிவிப்பு கிடைத்துவிடுகின்றது. உண்மையான அளவுகள் இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மழை பெய்தால் வேகம் கூடும், ஓய்ந்தால் குறையும். வெடி வைத்தால் ஒரு துள்ளல் தோன்றும்.

இம்முறை பிறப்பதற்கு முன்பே, சிலி நாட்டின் சுக்கிகமாட்டா செப்புச் சுரங்கத்தில் நகர்வு அளவுகளைக் கொண்டு பல வாரங்களுக்கு முன்பே வீழ்ச்சி நாள் குறிக்கப்பட்டது. குறித்தபடியே 1969 பிப்ரவரி 18-இல் சுவர் சரிந்தது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்திலுள்ள பிங்கம் கான்யன் செப்புச் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 இரவு, ஒன்றரை மணி நேர இடைவெளியில் இரு பெருஞ்சரிவுகள் நேர்ந்தன. பதினான்கு கோடி டன்னுக்கு மேற்பட்ட பாறை குழிக்குள் பாய்ந்தது. சரிவின் அதிர்ச்சி நிலநடுக்கமானிகளில் பதிவாயிற்று, இயந்திரங்கள் புதையுண்டன. ஆயினும் ஒருவருக்கும் காயமில்லை. அசைவு வாரக்கணக்கில் அளக்கப்பட்டு வந்தமையால், சரிவுக்கு முன்னரே வேலை நிறுத்தப்பட்டு ஆட்கள் அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர்.

ஜார்க்கண்டின் கோட்டா மாவட்டத்தில், லால்மாட்டியாவை அடுத்த ராஜ்மகல் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 2016 டிசம்பர் 29 மாலை, வெட்டியகற்றிய மண் கொட்டப்பட்டிருந்த பகுதி, தான் அமர்ந்திருந்த திடத் தரையோடு சரிந்தது. 300 மீட்டர் நீளமும் 110 மீட்டர் அகலமும் கொண்ட பரப்பு 35 மீட்டர் அளவுக்குக் கீழிறங்கிற்று என்றும், 95 லட்சம் கன மீட்டர் மண் பெயர்ந்தது என்றும், மறைந்திருந்த நிலப்பிளவு ஒன்று காரணமாயிருக்கலாம் என்றும் அப்பொழுது அறிவிக்கப்பட்டது. 23 தொழிலாளர் மாண்டனர். பிங்கம் கான்யனில் பெயர்ந்த பாறையோடு ஒப்பிட்டால் இது சிறு சரிவே. வேறுபாடு அளவில் இல்லை. அடியில் ஆட்கள் இருந்தனரா என்பதில் உள்ளது.

மறைந்த நிலப்பிளவை ரேடார் காட்டாது. அது மேற்பரப்பை மட்டுமே காணும். மண் கொட்டுவதற்கு முன் அவ்விடத்தின் தரையைத் துளையிட்டு அறிவது ஒன்றே வழி. கரியிருக்கும் இடத்தில் நெருக்கமாகத் துளையிடும் வழக்கம், மண் கொட்டும் இடத்தில் பொதுவாக இருப்பதில்லை. பணம் தராத நிலத்தை ஆராய்வானேன் என்னும் எண்ணம் எல்லா நாடுகளிலும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள், இயந்திரங்களைக் கொண்டு நடத்தப்படும் திறந்தவெளிச் சுரங்கத்தின் இறுதிச் சரிவு, மண்மேட்டின் சரிவு, அவற்றின் கண்காணிப்பு ஆகியவற்றை அறிவியல் ஆய்வின்படி அமைக்க வேண்டுமென விதிக்கின்றன. இத்தகைய ஆய்வுகளை நடத்தும் நிறுவனங்களுள் தன்பாதிலுள்ள மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிலையம் ஒன்று. 1956-இல் மத்திய சுரங்க ஆராய்ச்சி நிலையமாகத் தோன்றி, 2007-இல் எரிபொருள் ஆராய்ச்சி நிலையத்துடன் இணைந்து இப்பெயர் பெற்றது. கோலார் தங்கவயலில் 1988-இல் தொடங்கப்பட்ட தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் மற்றொன்று.

ஆய்வறிக்கையில் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இடம்பெறும் ஒரு சிறு அட்டவணை, முன்னுள்ள கணக்குகளைவிட முக்கியமானது எனலாம். நாளொன்றுக்கு இத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தால் கண்காணிப்பை நெருக்குக; இத்தனையைத் தாண்டினால் இயந்திரங்களை விலக்குக; இத்தனையானால் அனைவரும் வெளியேறுக என்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். எல்லையை மிகத் தாழ்வாக வைத்தால், விழாத சுவருக்கு அஞ்சிப் பலமுறை வேலை நின்று, எச்சரிக்கையில் யாருக்கும் நம்பிக்கையில்லாமற் போகும். உயர்வாக வைத்தால் வெளியேறப் பொழுது இராது. இவ்வெண்களை அச்சுரங்கத்தின் பாறையையும் பழைய அசைவுகளையும் கொண்டே வகுக்க வேண்டும்; வேறொரு சுரங்கத்திலிருந்து இரவல் வாங்க இயலாது. அவை எழுத்தில் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால், நள்ளிரவு இரண்டு மணிக்கு ரேடார் திரையின் முன் அமர்ந்திருக்கும் இளம் ஊழியர், மேலதிகாரியை எழுப்பி அனுமதி பெறக் காத்திராமல், தாமே குழியைக் காலி செய்ய உத்தரவிட முடியும்.