'ஓகே பாஸ்' என்றால் புரிந்ததா?

போன வருஷம் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, தொழிற்பயிற்சிக்காக கெர்லிங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் இருந்தேன். எனக்கு வயது 22. குலைகளை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசர் பகுதியில், மேற்பார்வையாளருக்கு உதவியாளாகப் போட்டார்கள். அங்கே 58 வயதுத் தமிழ்ப் பெரியவர் ஒருவர், இரண்டு மலாய்க்காரர்கள், ஒரு பங்களாதேஷி, புதிதாக வந்த நேபாளிகள் மூன்று பேர். இத்தனை பேருக்கும் எப்படி வேலை சொல்வது என்று எந்த விரிவுரையிலும் நான் படிக்கவில்லை.

முதல் வாரமே பிழை செய்தேன். புதிய நேபாளிப் பையனிடம் கதவைத் திறக்கும் முறையை மலாயில் விளக்கினேன். ஆவியை வெளியேற்று, மீட்டர் முள் சுழிக்கு வரட்டும், பிறகு சின்னக் குழாயைத் திறந்து ஆவி வரவில்லை என்று பார், அதற்குப் பிறகுதான் கதவு. அவன் தலையாட்டினான். "ஓகே பாஸ்" என்றான். நானும் நகர்ந்துவிட்டேன். அன்று மத்தியானம் முள் சுழிக்குப் பக்கத்தில் வந்ததுமே, குழாயைத் தொடாமல் நேராகக் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டான். பெரியவர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார்.

இதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் விட்டமுள்ள கதவு. உள்ளே 3 பார் அழுத்தம் இருக்கும்போது கதவின் மேல் விழும் விசை சுமார் 96 டன் எடை. சரி, முள் ஏறக்குறைய சுழியில் இருக்கிறது, 0.1 பார்தான் மிச்சம் என்று வையுங்கள். அப்போதும் 3 டன்னுக்கு மேல்! கூடவே கொதிக்கும் ஆவி. கதவுக்குப் பாதுகாப்புப் பூட்டு உண்டுதான். அதை மட்டும் நம்பி யாரும் நிற்பதில்லை.

பெரியவர் அவனைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டினார். "தம்பி, அவன் தலையாட்டினதை நீ ஏன் நம்புன? ஊர் விட்டு வந்தவன், கடன் வாங்கி வந்தவன், புரியலன்னு சொன்னா வேலை போயிடுமோன்னு பயம் இருக்காதா?"

பிறகு அவரே சொல்லிக்கொடுத்தார். பேச்சு குறைவு. ஒருமுறை செய்து காட்டினார். அடுத்தமுறை அவனைச் செய்யவிட்டு, தான் கை கட்டி நின்றார். குழாயை அவன் மறந்தபோது வாய் திறக்கவில்லை. மூடியிருந்த குழாயைக் காட்டிவிட்டுத் தன் முகத்தில் கை வைத்துப் பொசுங்கியது போலக் காட்டினார். அப்புறம் அவன் மறக்கவே இல்லை.

இந்த முறைக்குப் பெயரே இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் படைக்குப் போக, வேலையே தெரியாத புதியவர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களைப் பழக்க வந்த பயிற்சித் திட்டத்தில் நான்கு படிகள்: ஆளைத் தயார்செய், செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், பிறகும் வந்து கவனி. நான் இரண்டாவது படியைக்கூட வாயால் மட்டும்தான் செய்திருந்தேன். மலேசியாவின் 1994 தொழில் பாதுகாப்புச் சட்டமும் முதலாளியின் கடமைகளில் தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை என நான்கையும் வரிசையாகச் சொல்கிறது. அறிவுறுத்தலோடு வேலை முடியவில்லை.

நம் தாத்தா காலத்தில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி. கங்காணி தன் ஊர், தன் உறவு ஆட்களையே கூட்டிவந்தார். 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடுக்கும்வரை பெரும்பாலும் அப்படித்தான். பிரட்டுக்களத்தில் ஒரே மொழி, ஒரே சாமி. (அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆளைக் கடனில் கட்டிவைத்த கங்காணிகளும் உண்டு.) இன்று அதே தோட்டங்களில் நம் ஆள் மண்டோராக நிற்கிறார், எதிரில் நிற்பவர் தமிழர் இல்லை.

மொழி ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா? அதிலும் அடி வாங்கினேன். ஒருநாள் பெரியவர் டேப்லெட்டில் நேரத்தைத் தப்பாகப் பதிந்திருந்தார். எல்லார் முன்னாலும், "அங்கிள், இப்படி இல்ல" என்று வாங்கித் திருத்தினேன். தமிழில்தான் சொன்னேன், மரியாதையாகத்தான் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஆவி போகும் சத்தத்தை வைத்தே அழுத்தத்தைச் சொல்லக்கூடியவர். நாலாம் நாள் டீ வாங்கிக்கொண்டு போய், அந்தச் சத்தத்தை எனக்குப் பழக்கிவிடச் சொன்னேன். அவரும் டேப்லெட்டை நீட்டினார்.

கோயில் வேலையிலும் இதைப் பழகலாம். அன்னதானத்தன்று கேஸ் அடுப்பை ஒரு தம்பியிடம் ஒப்படைக்கும்போது, "புரிஞ்சதா?" என்று கேட்காதீர்கள். "எங்கே, மூடிக் காட்டு" என்று சொல்லுங்கள்.

நேபாளியில் அண்ணனை 'தாய்' என்பார்கள். பையன் என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் நாள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நமக்கு நவராத்திரி என்றால் அவர்களுக்கு அதே நாட்களில் தசைன். விஜயதசமியன்று பெரியவர்கள் நெற்றியில் திலகமிட்டு வாழ்த்துவார்கள். அன்று ஷிப்ட் தொடங்கும்போது அவன் பெரியவர் முன்னால் வந்து தலை குனிந்து நின்றான். அவருக்கு விஷயம் புரியவில்லை, நான்தான் சொன்னேன். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த கோயில் குங்குமத்தை எடுத்து அவன் நெற்றியில் வைத்துவிட்டு, மலாயில் சொன்னார்: "போ, மூணாம் நம்பரைப் பாரு. குழாயை முதல்ல திற."