கோப்பின் பெயரும் அதன் இருப்பிடமும்

இற்றை நாளிற் கணிப்பொறியில் எழுதுவோர், தாம் எழுதியது எங்கே வைக்கப்பெறுகின்றது என எண்ணுதல் அரிது. வீடுகளிற் கணிப்பொறி புகுந்த தொடக்க ஆண்டுகளில் நிலை அவ்வாறன்று. உரை திருத்திக்குக் கோப்பின் இருப்பிடத்தைச் சரிவரச் சொல்லாவிடின் ஒரு நாளைய உழைப்பு முற்றும் பாழாதல் உண்டு. அதன் காரணத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1974-இல் காரி கில்டால் என்னும் அமெரிக்கர் இயற்றிய சி.பி./எம். என்னும் இயக்குதளத்திற் கோப்பின் பெயர் எட்டெழுத்துக்கு மேற்படாது. அதன்பின் ஒரு புள்ளியும், வகை குறிக்கும் மூன்றெழுத்தும் வரும். பெயருக்கு முன்னே வட்டியக்கியைக் குறிக்க ஓர் ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் நிற்கும். முகவரி அவ்வளவே. அவ்வெழுத்தை விடுத்து எழுதினால், அப்பொழுது வழங்கும் வட்டியக்கியே கொள்ளப்படும். இலக்கணம் பயில்வார் இதனைத் தோன்றா எழுவாயோடு ஒப்பிட்டு மகிழலாம். சொல்லில் இல்லையாயினும் பொருளில் அது உண்டு.

1978-இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் என்னும் புகழ்பெற்ற திருத்தி இம்முறையையே தழுவியது. ஆயின், கோப்பின் பெயர் வட்டியக்கியைச் சுட்டிற்றேயன்றி, அதனுட் செருகப்பட்ட நெகிழ்வட்டைச் சுட்டவில்லை. ஒரு வட்டை எடுத்து மற்றொன்றை இடின் பெயர் மாறாது, பொருள் மாறிவிடும். சி.பி./எம். 2.2 இம்மாற்றத்தைக் கண்டுகொண்டு, புதிய வட்டைப் படித்தற்கு மட்டும் உரியதாகக் கொள்ளும். அதில் எழுத முற்பட்டாற் பிழைச் செய்தி தோன்றும். பின்னர் யாதேனும் ஒரு விசையை அழுத்தியவுடன் திருத்தியே நீங்கிவிடும். சேமிக்கப்படாத எழுத்தும் உடன்போகும். வட்டு நிறைந்ததென்று நல்லெண்ணத்தோடு வேறு வட்டை இட்டவன் தன் அத்தியாயத்தை இழப்பது இவ்வாறே.

1983 மார்ச்சு மாதத்தில் 10 மெகாபைட்டு நிலைவட்டுடன் ஐ.பி.எம். எக்ஸ்.டி. என்னும் பொறியும், எம்.எஸ்.-டாஸ் 2.0-உம் வந்தன. அத்துணைப் பெரிய வட்டிற் கோப்புகளனைத்தையும் ஒரே பட்டியலில் அடுக்குதல் தகாதாகலின், யூனிக்ஸைப் பின்பற்றி அடைவுக்குள் அடைவு அமைத்தனர். அடைவுகளைப் பிரித்துக்காட்ட யூனிக்ஸ் முன்சாய்ந்த கோட்டை ஆண்டது. டாஸிலோ அக்கோடு கட்டளைகளின் விருப்பங்களைக் குறிக்க முன்னரே வழங்கியமையாற் பின்சாய்ந்த கோடு கொள்ளப்பட்டது. ஜப்பானியப் பொறிகளில் அக்கோட்டின் இடத்தில் யென் நாணயக் குறி தோன்றிற்று. அந்நாட்டிற் கோப்பைத் தேடுவோர் ஒவ்வோர் அடைவின் வாயிலிலும் காசு கொடுத்து நுழைந்தனர் போலும்!

இனி, பழைய திருத்திகள் இப்புதிய வழிகளை அறியாமற்போனது ஏன்? அவை கோப்பைத் திறக்க இயக்குதளத்திடம் கொடுத்த படிவத்தில் வட்டியக்கிக்கு ஓரிடமும், பெயருக்கு 8 இடமும், வகைக்கு 3 இடமுமே இருந்தன. வழியை எழுத இடமே இல்லை. டாஸ் 2.0 முழு வழியையும் ஏற்கும் புதிய முறையைத் தந்ததாயினும், பழைய படிவத்தையே நீட்டிய திருத்தி நடப்பு அடைவிலுள்ள கோப்பையே திறந்தது. இரண்டு அடைவுகளில் ஒரே பெயருடைய கோப்புகள் இருப்பின், திரையிற் காணும் பெயரைக்கொண்டு இன்னதெனத் தெளிய இயலாது. எந்த மடல் அழிந்தது, எது பிழைத்தது என்பது பின்னரே விளங்கும்.

வேர்ட்ஸ்டாரின் 3-ஆம் பதிப்பு வரை இக்குறை நீங்கவில்லை. 1987-இல் வந்த 4-ஆம் பதிப்பே அடைவுகளை அறிந்தது. இதற்கிடையில் டாஸ் 3.1 ஓர் இனிய சூழ்ச்சியை அளித்தது. நீண்ட வழியையுடைய அடைவொன்றற்கு ஒற்றை எழுத்தைப் பெயராகச் சூட்டி, அதனைத் தனி வட்டியக்கியெனக் காட்டுதலே அது. திருத்தியும் அதனை நம்பிக் கோப்பைத் திறந்தது.