கூரை வாய்க்காலை யார் பார்ப்பது?

வணிகர்களாகிய நாம் இரவில் கடையடைக்குமுன் கல்லாவை எண்ணுகிறோம். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறோம். அரிசி மூட்டையை எலி கடித்ததா என்றும் பார்க்கிறோம். கூரை ஓரத்துத் தகர வாய்க்காலை ஏணி வைத்து ஏறிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

நாமும் பார்த்ததில்லை. மலாக்காவில் பழைய வீடொன்றில் நாம் துணிக்கடை வைத்திருந்த காலத்தில், ஒருநாள் சுபுஹுக்கு முன் சுமத்ராக் காற்றோடு பெருமழை வந்தது. காலையில் கடை திறந்தபோது மேல்தட்டிலிருந்த கைலிக் கட்டுகள் நனைந்து, ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறிக் கிடந்தன. ஓடு ஒன்றும் உடையவில்லை. நம் கூரையும் அடுத்த கடையின் கூரையும் சேருமிடத்தில், பொதுச்சுவரின்மேல் ஓடும் வாய்க்காலை அங்சானா இலையும் புறாக்கூடும் அடைத்திருந்தன. இறங்க வழியற்ற தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து சுவர்வழியே உள்ளே வந்துவிட்டது. அந்த வாய்க்கால் நம்முடையது என்று அடுத்த கடைக்காரர் எண்ணியிருந்தார். அவருடையது என்று நாம் எண்ணியிருந்தோம்!

தண்ணீரின் கணக்கைச் சற்றுப் பாருங்கள். 1000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் சுமார் 520 கேலன் தண்ணீர் சேரும். எடை இரண்டு டன்னுக்கு மேல். அவ்வளவும் ஒரு கைப்பிடி அகலமுள்ள குழாய்வழியே இறங்க வேண்டும். கம்போங் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களின் வீடுகளோ முகப்புக் குறுகி, உள்ளே நீண்டு, சுவரோடு சுவர் ஒட்டியவை. 2008-இல் மலாக்கா நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தபின், அவற்றின் கூரையை நினைத்தபடி மாற்றியமைக்கவும் இயலாது. இருப்பதைப் பேணுவதே வழி.

வலை போட்டால் இலை விழாது என்பார்கள். பெரிய இலைக்குச் சரி. இவ்வூருக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் மலாக்கா மரம் வேறொன்றுமன்று, நம் நெல்லிதான். அதன் பொடி இலை எந்த வலைக்கும் அடங்காது. ஆகவே வலை போட்டவரும் ஏறித்தான் ஆக வேண்டும். இலையைவிடப் பொல்லாதது பறவை எச்சத்தில் முளைக்கும் ஆலங்கன்று. விரல் நீளத்தில் பிடுங்கினால் வந்துவிடும். விட்டுவைத்தால் வேர் சுண்ணாம்புச் சுவருக்குள் இறங்கும். பிறகு கொத்தனாரைத்தான் அழைக்க வேண்டும்.

அடுத்தவர் தலையில் விழும் தண்ணீர் புதிய வழக்கன்று. மதீனாவில் ஹலரத் அப்பாஸ் (ரலி) அவர்கள் வீட்டுக் கூரைத் தூம்பு வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, கோழிக்குஞ்சு அறுத்த இரத்தம் கலந்த நீர் அதன்வழியே கலீபா உமர் (ரலி) அவர்கள்மேல் விழுந்தது. தூம்பைக் கழற்றச் சொன்னார்கள். அதை அங்கே வைத்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே என்று அப்பாஸ் சொன்னதும், தம் முதுகில் ஏறி நின்று மீண்டும் மாட்டுமாறு உமர் வற்புறுத்தினார்கள் என்று முஸ்னது அஹ்மதில் அறிவிக்கப்படுகிறது. ஷாபிஈ சட்ட நூலான மின்ஹாஜ், பொதுவழியில் தூம்பு நீட்ட அனுமதி தருகிறது. அதனால் கேடு நேர்ந்தால் ஈடு செய்யும் பொறுப்பையும் உடையவர்மேல் வைக்கிறது. உரிமை உண்டு, பொறுப்பும் உண்டு. நம்மவர் முன்னதை மட்டும் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இனிக் காய்ச்சல். ஈர இலையடியில் விரற்கடை ஆழம் நீர் நின்றால் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் முதல் பத்து நாள் வரை ஆகும். நீர் வற்றினாலும் முட்டை பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். மருந்து தூவினால் போதாதா என்று கேட்கிறார்கள். ஓடும் வாய்க்காலில் தூவிய மருந்து அடுத்த மழையோடு லோங்காங்குக்குப் போய்விடும். 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டப்படி, கொசுப்புழு கண்டால் இடத்தை வைத்திருப்பவரே பொறுப்பாளி. முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதம் உண்டு, சிறையும் உண்டு. ஆனால் டிங்கிக் காய்ச்சலில் பிள்ளை படுத்தால் அபராதமா பெரிது?

ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் கடை வைத்திருப்போர் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களை மறக்கலாகாது. அப்போதுதான் ரப்பர் மரம் இலையுதிர்க்கும். இன்று செம்பனையே மிகுதியெனினும், ரப்பர் எஞ்சியுள்ள இடங்களில் லயத்துக் கூரைகளெல்லாம் சருகு மயம். அதை அப்படியே விட்டால் ஏப்ரல் மாதத்து மாலை இடிமழை வந்து சேறாக்கிவிடும்.

செய்முறை எளிது. ஒருவர் ஏணியைப் பிடிக்க, ஒருவர் ஏறட்டும். பழைய ஓட்டின்மேல் கால் வைக்காதீர், பலகை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் கையால் சருகை வாளியில் அள்ள வேண்டும். எடுத்த எடுப்பில் தண்ணீர் பீய்ச்சினால் குப்பை குழாய்க்குள் சென்று அடைத்துக்கொள்ளும். பிறகு ஒரு வாளி நீர் ஊற்றிப் பாருங்கள். எங்கேனும் தேங்கினால் சரிவு போதவில்லை. 10 அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு இருக்க வேண்டும். ஏற முடியாத பெரியவர்கள் மழை பெய்யும்போது அஞ்சடியில் நின்று குழாயின் வாயைப் பார்த்தாலே தெரியும். மழை கொட்டியும் குழாய் சொட்டினால் மேலே அடைப்பு.

கைலிகள் கெட்ட பிறகு நாமும் அந்த அடுத்த கடைக்காரரும் தேநீர் குடித்துக்கொண்டே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் ஒரு வாரம், நாம் ஒரு வாரம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன், குளிப்பதற்கு முந்தி. ஏணி அவருடையது, வாளி நம்முடையது. எவருடைய வாய்க்கால் என்ற கேள்வியை அதன்பிறகு இருவரும் எடுக்கவில்லை.