முட்டை ஓட்டுக்குச் சாயங்காலக் கிளிஞ்சல்

முட்டை ஓடு மெல்லிசா இருக்கா? முதலில் சுண்ணாம்புச்சத்துக் கணக்கைப் பாருங்கள். ஒரு ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் வேண்டும். ஓடு பெரும்பாலும் கோழி அடைந்த பிறகு, இரவில்தான் உருவாகிறது. அந்நேரம் வயிற்றில் இருப்பு இல்லையென்றால் தன் எலும்பிலிருந்து எடுக்கும். வரவில்லாமல் சேமிப்பைக் கரைக்கிற கதைதான்! நாள்பட்டால் கால் வலுவிழந்து படுத்துவிடும்.

கிளிஞ்சலை 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டுகளாக உடைத்து, சாயங்காலம் தனித் தட்டில் வையுங்கள். மாவாக அரைத்தால் சீக்கிரம் கரைந்து போயிடும். துண்டு வயிற்றில் தங்கி, ராத்திரி முழுக்க மெதுவாகக் கரையும். முட்டையிடும் கோழி தேவைக்கேற்பக் கொத்திக்கும். குஞ்சுத் தீவனத்தில் இவ்வளவு சேர்க்காதீர்கள், சிறுநீரகம் கெடும். பகலில் வெயிலில் மேய விடுங்கள்; வைட்டமின் டி இல்லாமல் தின்ற சுண்ணாம்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.