பப் வாசலில் கூட்டம்

கேள்வி: கொரோனா ஊரடங்கு தளர்ந்ததும் இங்கிலாந்தில் ஜனங்கள் பப்புகளில் குவிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். குடிக்க அத்தனை அவசரமா?

பதில்: குடிக்க மட்டும் என்றால் வீடே போதுமே. ஊரடங்கிலும் சூப்பர் மார்க்கெட்டில் பீர் கிடைத்தது, அதுவும் பப்பைவிட மலிவாக. 2020 மார்ச் 20 இரவு மூடிய பப்புகள் ஜூலை 4 அன்றுதான் திறந்தன. அப்புறமும் இரவு 10 மணிக்கு மூடு, ஆறு பேருக்கு மேல் சேராதே என்று உத்தரவுகள். மறுபடி மூடி, 2021 ஏப்ரல் 12-இல் திறந்தபோது வெளியே மட்டும்தான் உட்காரலாம். அந்தக் குளிரிலும் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள்ளே போக மே 17 வரை காத்திருந்தார்கள்.

ஆனாலும் கவுன்ட்டரில் நின்று வாங்க ஜூலை 19 வரை அனுமதி இல்லை. மேஜைக்கே கொண்டுவந்து தருவார்கள். எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. முன்பின் தெரியாதவர்கள் பேச்சுக் கொடுக்கும் இடம் கவுன்ட்டர்தான். நாளெல்லாம் வாய்திறக்க ஆளில்லாத முதியவர், அரை பைன்ட் பீரை வைத்துக்கொண்டு நாலு வார்த்தை பேசுவது அங்கேதான். அவரை ஒரு மேஜையில் தனியாக உட்காரவைத்தால் அவர் எதற்கு வர வேண்டும்?

வீட்டில் கிடைக்காத இன்னொன்று, பீப்பாயிலேயே நொதிக்கும் ‘காஸ்க் ஏல்’ என்ற பீர். திறந்தால் சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும். அந்த ருசி பாட்டிலில் வராது. மூடச் சொன்னபோது அதைச் சாக்கடையில் கொட்டினார்கள்.

கூட்டம் திரும்பியும் பல பப்புகள் பிழைக்கவில்லை. சில கிராமங்களில் ஊராரே பங்கு போட்டு, மூடவிருந்த பப்பை வாங்கி நடத்துகிறார்கள்.