கட்டம் எண்ணிப் படிக்க வேண்டிய ஈ.சி.ஜி.

நெஞ்சு வலியோடு வந்தவரின் ஈ.சி.ஜி.யில் 'எல்.பி.பி.பி.' (இடது கிளைத் தடை) என்று மெஷினே அச்சடித்துவிட்டால், கேஷுவாலிட்டியில் இரண்டில் ஒன்று நடக்கிறது. உடனே கேத் லேபுக்கு போன் பறக்கும். இல்லையென்றால் "பிளாக் இருக்கு, இதுல ஒண்ணும் சொல்ல முடியாது" என்று தாளை மடித்து வைத்துவிட்டு ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருப்பார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. புதிய எல்.பி.பி.பி. என்றாலே மாரடைப்பாக எடுத்துக்கொள் என்பது பழைய பாடம். 2013-இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகளின் வழிகாட்டு நெறிகளே அதைக் கைவிட்டன.

இதயத்தின் இடது மின்கிளை அடைபட்டால் மின்னோட்டம் வலப்பக்கமிருந்து சுற்றி வருகிறது. கியூ.ஆர்.எஸ். அலை 120 மில்லி செகண்டோ அதற்கு மேலோ அகன்று, அதைத் தொடரும் எஸ்.டி. பகுதி அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். வி1 முதல் வி3 வரை அலை ஆழமாக இறங்குவதால் அங்கே எஸ்.டி. மேலே நிற்பது இயல்புதான். அதனால் எஸ்.டி. ஏறியிருக்கிறதா என்று மட்டும் நான் பார்ப்பதில்லை. எந்தத் திசையில், அலையின் அளவுக்கு எவ்வளவு என்று பார்க்கிறேன்.

இந்தப் பார்வையைத் தந்தவர் எலெனா ஸ்கார்போசா. 1996-இல் அவர் வகுத்த விதிகளில் இரண்டை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். கியூ.ஆர்.எஸ். நிமிர்ந்திருக்கும் லீடில் எஸ்.டி.யும் 1 மி.மீ. மேலேறியிருப்பது ஒன்று; வி1 முதல் வி3 வரை ஏதாவதொரு லீடில் அலையோடு சேர்ந்து எஸ்.டி.யும் 1 மி.மீ. தாழ்ந்திருப்பது மற்றொன்று. ஒரே ஒரு லீடில் இருந்தாலும் போதும். மூன்றாவது விதி, எதிர்த்திசையில் 5 மி.மீ. ஏற்றம். அதுதான் ஏமாற்றும். எஸ் அலை (கியூ.ஆர்.எஸ். கீழிறங்கும் பகுதி) 32 மி.மீ. ஆழமிருந்தால் 5 மி.மீ. ஏற்றம் பெரிதல்ல, 10 மி.மீ. எஸ் அலைக்கு 3 மி.மீ. ஏற்றம் என்றால் ஆபத்து. 2012-இல் ஸ்டீபன் ஸ்மித் குழுவினர் இதை விகிதமாக்கினார்கள்: ஏற்றம், எஸ் அலையில் கால் பங்கைத் தொட்டால் சந்தேகப்படு. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும் இந்தக் கணக்கு பெரிதும் உதவுகிறது.

இதைக் கண்ணளவில் செய்யாதீர்கள் என்று ஜூனியர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். கியூ.ஆர்.எஸ். முடிந்து எஸ்.டி. தொடங்கும் ஜே புள்ளியில் பென்சில் முனையை வைத்துக் கட்டம் எண்ணுங்கள். சின்ன அலைகள் உள்ள லீடுகளில்தான் விகிதம் கைகொடுக்கிறது. அவசரத்தில் பலர் தாண்டிப்போவதும் அவற்றைத்தான். விதி எதுவும் பொருந்தவில்லை என்பதாலேயே மாரடைப்பு இல்லை என்றாகிவிடாது. வலி நீடித்தால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுங்கள், எக்கோ பாருங்கள். ரத்த அழுத்தம் சரிந்து, நுரையீரலில் நீர் கோத்துத் திணறுபவருக்கு விகிதம் கணக்கிட்டுக்கொண்டிருக்க வேண்டாம், இதயநோய் மருத்துவரை அழைத்துவிடுங்கள்.

வலது கிளைத் தடையில் பொறி வேறு. அங்கே வி1 முதல் வி3 வரை எஸ்.டி. சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். அது மட்டமாக நின்றாலே நான் உஷாராகிவிடுவேன். ஏறியிருந்தால் இதயத்தின் முன்புற ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம்.

இப்படிக் கிளைத் தடை இருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வலியில்லாத நாளில் எடுத்த ஈ.சி.ஜி.யைப் படம்பிடித்து உங்கள் போனிலும் வீட்டிலுள்ள ஒருவர் போனிலும் வைத்திருங்கள். புதியதோடு அதை ஒப்பிட அரை நிமிடம்கூட ஆகாது.