கழுகுச் சின்னம் சொல்வதும் சொல்லாததும்

தபால்தலை, பழைய நாணயம் சேகரிப்போர் நம்மிடையே பலர் உளர். வானூர்தி எஞ்சின்களில் பதிக்கப்பட்ட எனாமல் சின்னங்களைத் தேடுவோர் மிகக் குறைவு. நானும் தேடிப் போனவன் அல்லன். ஜாசின் பக்கத் தோட்ட வீட்டில், தாத்தாவின் மைலோ டின்னில், சம்பளச் சீட்டுகளுக்கு அடியில் ஒன்று கிடந்தது. "ஜப்பான்காரன் ஏரோப்பிளேன்ல இருந்தது" என்பார் பாட்டி. தீபாவளிதோறும் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுவார்!

நடுவில் கழுகு, சுற்றிலும் 'பிராட் அண்ட் விட்னி', 'டிப்பெண்டபள் எஞ்சின்ஸ்' என்ற எழுத்துகள். 1925இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வானூர்தி எஞ்சின் செய்யத் தொடங்கிய நிறுவனம் இது. ஆக, ஜப்பான் கதை அங்கேயே ஆட்டம் கண்டது.

அப்படியானால் எந்த வானூர்தி? மலாயன் ஏர்வேஸ் ஓட்டிய டிசி-3இல் இருந்தது இந்நிறுவனத்தின் 'டுவின் வாஸ்ப்' எஞ்சின். பின்னாளில் நம் விமானப்படையின் கரிபூவிலும் இந்நிறுவன எஞ்சின்தான். கழுகு, செய்தவர் யார் என்று மட்டுமே சொல்லும். எஞ்சின் வகையைச் சொல்வது தனியான விவரத் தகடு. அதில் 'ஆர்-1830' என்றிருந்தால், 'ஆர்' என்பது சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் வகை. 1830 என்பது கன அங்குலக் கொள்ளளவு, ஏறத்தாழ 30 லிட்டர். தகடின்றி "டக்கோட்டா சின்னம்" என்று விற்றால், சின்னத்துக்கு மட்டும் விலை கொடுங்கள், கதைக்குக் கொடுக்காதீர்கள்.

ஜோங்கர் சாலைக் கடையொன்றில் 80 வெள்ளி கொடுத்து நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். உண்மையான எனாமல், கண்ணாடித் தூளை உலோகத்தின்மேல் 800 பாகை அளவில் சுட்டு உருக்கியது. தேய்த்துச் சமன் செய்த சின்னத்தில் நிறமும் உலோக வரம்பும் ஒரே மட்டத்தில் இருக்கும். உருப்பெருக்கியில் நுண்ணிய குழிகள் தெரியும். நான் வாங்கியதிலோ, சாயம் வரம்புக்குக் கீழே இறங்கியிருந்தது. நகத்தால் தடவினாலே தெரிந்திருக்கும். ஆனால் புதிதாகவும் கண்ணாடி எனாமலில் செய்யலாம். ஆகவே பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: பொருத்திய துளைகளின் தேய்மானம், படிந்த எண்ணெய்க் கறை.

புளியின் அமிலம் எனாமலின் பளபளப்பைத் தின்னும், சாம்பல் கீறும். சவர்க்கார நீரில் நனைத்த மெல்லிய துணி போதும்.

காட்டில் விழுந்த வானூர்திகளிலிருந்து எதையும் கழற்றாதீர்கள். 1950இல் கிளந்தானில் விழுந்த டக்கோட்டாவில் 12 பேர் மாண்டனர். அவர்களின் எச்சங்கள் 2008இல்தான் மீட்கப்பட்டன.

மைலோ டின்னில் இப்போது ஒரு தாள் வைத்திருக்கிறேன்: 'பிராட் அண்ட் விட்னி எஞ்சின் சின்னம். வானூர்தி தெரியாது.' பாட்டி இன்னும் ஜப்பான்காரனை விடவில்லை. புளியை மட்டும் விட்டுவிட்டார்.